இலை நிறம் பார்க்கப் புறப்படும் தம்பிக்கு

தம்பி, கனடாவில் இது உங்களுக்கு முதல் இலையுதிர்காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்காபரோவில் வீடு, ஆறு வயது மகள், யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்து நிற்கும் முழங்கால் வலிக்கார அம்மா. வேலையிடத்தில் எல்லோரும் ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் அல்கோன்குவின் மாகாணப் பூங்காவைப் பற்றியே பேசுகிறார்கள். ஒக்டோபரில் நன்றி தெரிவிக்கும் நாளோடு மூன்று நாள் லீவு வருகிறது, அப்போது குடும்பமாக அங்கே போய்த் தங்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

கட்டாயம் போங்கள். ஆனால் அந்த மூன்று நாளில் அல்கோன்குவினுக்குப் போக வேண்டாம்.

நன்றி தெரிவிக்கும் நாள் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. அல்கோன்குவினில் சிவப்பும் செம்மஞ்சளுமாக எரிகிற சர்க்கரை மேப்பிள் மரங்கள் பெரும்பாலான வருடங்களில் செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து ஒக்டோபர் முதல் சில நாள்கள் வரைதான் உச்சத்தில் இருக்கும். அந்தப் பூங்கா சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமான மேட்டில் கிடப்பதால் குளிர் அங்கே முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. நீண்ட வார இறுதி வரும்போது மேப்பிளின் சிவப்பில் பெரும்பகுதி தரையில் கிடக்கும். மரத்தில் மிஞ்சுவது ஆஸ்பென், பிர்ச் மரங்களின் மஞ்சள். அதுவும் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்பட்டது அதையல்ல. போதாததற்கு, வருடத்திலேயே சன நெரிசல் மிகுந்த நாள்களில் அதுவும் ஒன்று.

ஊர் முழுவதும் ஒரே நாளில் நிறம் மாறுவதில்லை என்பதைப் புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நிறம் வடக்கிலும் மேட்டு நிலத்திலும் தொடங்கித் தெற்கு நோக்கி இறங்கி வருகிறது. முதலில் அல்கோன்குவின், அடுத்து ஒக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் ஹாலிபர்ட்டன், மஸ்கோகா பக்கங்கள், பிறகு ஒக்டோபர் நடுப்பகுதி தொடங்கி மாதக் கடைசி வரை ரொறன்ரோவும் அதைச் சுற்றியுள்ள இடங்களும். ஆக, உங்கள் கையில் ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கிறது. பலர் இடத்தை முடிவு செய்துவிட்டு அதற்குப் பின்னால் ஓடுகிறார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். குடும்பத்துக்கு வசதியான நாளை முதலில் தெரிவு செய்யுங்கள். அந்த நாளில் எங்கே நிறம் நிற்கிறதோ அங்கே போங்கள். மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்ராறியோ பார்க்ஸ் நிறுவனம் இலையுதிர்காலத்தில் ஒவ்வொரு பூங்காவிலும் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது, எத்தனை வீதம் இலை உதிர்ந்துவிட்டது என்று இணையத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கும். செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அதைப் பார்க்கத் தொடங்குங்கள்.

அல்கோன்குவின்தான் வேண்டும் என்றால், செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு வெள்ளியோ திங்களோ லீவு எடுங்கள். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் தவறினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வார நாளில் போகும் குடும்பத்துக்கும் சனிக்கிழமை போகும் குடும்பத்துக்கும் கிடைப்பது ஒரே காட்டின் இரண்டு வேறு அனுபவங்கள்.

அனுமதிச் சீட்டு விடயத்தில் கவனமாக இருங்கள். பூங்காவுக்குள் வாகனத்தை நிறுத்தி இறங்குவதென்றால் அந்த வாகனத்துக்கு நாள் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை ஐந்து நாளுக்கு முன்பிருந்து இணையத்தில் பதிவு செய்யலாம். இலை நிறம் உச்சத்தில் இருக்கும் சனி, ஞாயிறுகளுக்கு அது வேகமாகத் தீர்ந்துவிடும். சீட்டில்லாமல் மூன்று மணி நேரம் ஓடிப் போய், வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பின் இருக்கையில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். பூங்காவை ஊடறுத்துப் போகும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓடிக் கடந்து போக மட்டும் சீட்டுத் தேவையில்லை. நீங்கள் இறங்கிப் பார்க்கப் போவதால், பயணத்துக்கு ஐந்து நாள் முன்பு காலையிலேயே கணினிக்கு முன்னால் உட்காருங்கள்.

தங்குமிடம் அதைவிடக் கடினம். பூங்காவுக்குள் கூடாரம் போடும் இடங்களைப் பலர் ஐந்து மாதத்துக்கு முன்பே பிடித்துவிடுவார்கள். இரவில் உறைநிலையை நெருங்கும் குளிரில் அம்மாவைக் கூடாரத்தில் படுக்க வைப்பதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். மேற்கு வாசலுக்கு வெளியே ஹன்ட்ஸ்வில், டுவைட், டோர்செட் ஆகிய இடங்களில் மோட்டேல்களும் ஏரிக்கரை வீடுகளும் உண்டு. வார இறுதியில் பல இடங்களில் இரண்டு இரவாவது எடுக்க வேண்டும் என்பார்கள். அறையைப் பதியும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கீழ்த்தளமா, ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா, சமைக்கச் சிறிய அடுப்பாவது இருக்கிறதா. இந்த மூன்றும் இருந்தால் ஏரி தெரிகிற யன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஸ்காபரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் பாரி வரை போய், 11இல் ஏறி ஹன்ட்ஸ்வில், அங்கிருந்து 60இல் கிழக்கே திரும்பினால் மேற்கு வாசல். நிற்காமல் ஓடினாலே மூன்று மணி நேரம் எடுக்கும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து புறப்பட்டால் அதற்கு மேலும் ஆகும். மகளுக்கு எட்டு வயது ஆகும் வரை, அல்லது 145 சென்ரிமீட்டர் உயரமோ 36 கிலோ எடையோ வரும் வரை, வாகனத்தில் பிள்ளையை உயர்த்தி இருத்தும் பூஸ்டர் இருக்கை சட்டப்படி கட்டாயம். நண்பரின் வாகனத்தில் போனாலும் அதை எடுத்துச் செல்லுங்கள். ஹன்ட்ஸ்வில்லில் பெற்றோலை முழுவதும் நிரப்புங்கள். உள்ளே பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது, எனவே வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கிவிடுங்கள். பொழுது படுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் ஏழு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். இருட்டில் மூஸ் என்ற மிகப் பெரிய காட்டு மான் வீதிக்கு வரலாம். அதன் கரிய உடம்பு வாகன வெளிச்சத்தில் கடைசி நொடி வரை கண்ணில் படாது.

உள்ளே போனபின் எங்கெல்லாம் நிற்பது? 60ஆம் நெடுஞ்சாலை பூங்காவுக்குள் சுமார் 56 கிலோமீட்டர் ஓடுகிறது. மேற்கு வாசலிலிருந்து கிலோமீட்டர்க் கணக்கு தொடங்கும். எந்தப் பாதையைக் கேட்டாலும் அந்தக் கணக்கில்தான் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்க வேண்டாம். உங்கள் பயணத்தின் வேகம் அம்மாவின் முழங்காலும் மகளின் பசியும் விடுகிற வேகம்தான். அதை முதலே ஏற்றுக்கொண்டு திட்டமிட்டால் ஒருவருக்கும் முகம் சுருங்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நேரே 43ஆம் கிலோமீட்டரில் இருக்கும் வருகையாளர் மையத்துக்குப் போவேன். கழிவறை, உட்கார இடம் எல்லாம் அங்கே உண்டு. கட்டடத்தின் பின்புறம் அகன்ற பலகைத் தளம் ஒன்று இருக்கிறது. சக்கர நாற்காலியிலேயே அங்கே போய்விடலாம். அங்கிருந்து பார்த்தால் காடு கீழே விரிந்து கிடக்கும். அம்மா ஒரு படிகூட ஏறாமல் முழுப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிடுவார். அதற்குச் சற்று முன்பாகவே ஸ்புரூஸ் பொக் என்ற ஒன்றரைக் கிலோமீட்டர்ப் பாதை வருகிறது. சதுப்பின் மேல் பலகை போட்டு நடக்க விட்டிருக்கிறார்கள். அம்மாவால் முடிந்த மட்டும் போய்த் திரும்பலாம். மகள் முழுவதும் ஓடித் தீர்க்கலாம். சாம்பல் நிறக் கனடா ஜே பறவைகள் அங்கே மனிதருக்கு அஞ்சாமல் கிட்ட வரும். தீனி போடக் கூடாது என்பதை மட்டும் பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

உயரத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டால் லுக்அவுட் பாதை இருக்கிறது, சுமார் இரண்டு கிலோமீட்டர். ஆனால் ஏற்றம் செங்குத்து, உச்சியில் பாறை விளிம்புக்குக் கைப்பிடி வேலி இல்லை. நீங்களும் மனைவியும் மாறி மாறிப் போய் வாருங்கள். மகளைக் கூட்டிப்போனால் மேலே இருக்கும்வரை அவளுடைய கையை விடாதீர்கள். பெக் ஏரியைச் சுற்றி வரும் பாதை அவளுக்கு இன்னும் நல்லது. தண்ணீரோரமாகவே போகும், வேர்களில் கால் தடக்காமல் பார்த்து நடந்தால் போதும்.

வெயிலடிக்க வேண்டும் என்று வானத்தைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நாளில் சிவப்பு இன்னும் ஆழமாகத் தெரியும், கண் கூசாது, படமும் நன்றாக வரும். பயப்பட வேண்டியது காற்றுக்கு. ஒரு இரவு பலத்த காற்றடித்தால் மறுநாள் காலையில் பாதி மரம் வெறுமையாகிவிடும். வெள்ளி மழை, சனி காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் வெள்ளிக்கே போய்விடுங்கள். குடை பிடித்தாவது பார்க்கலாம்.

அம்மா ஒன்று கேட்கக்கூடும். என் மாமி முதன்முதலாக வந்தபோது காட்டை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இத்தனை மரமும் சாகப் போகிறதா பிள்ளை?" என்று கேட்டார். பச்சையாகவே நிற்கும் மரங்களின் நடுவே வாழ்ந்தவருக்கு அது நியாயமான பயம். அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய் ஒரு மேப்பிள் கிளையைக் காட்டினேன். இலைக்காம்பு கழன்ற இடத்தில் தழும்பு ஒன்று காய்ந்து மூடியிருந்தது. அதற்கு நேர் மேலே, அடுத்த வருடத்துக்கான மொட்டு, ஊசி முனை போலக் கூராக, கபில நிறத்தில் இறுக மூடிக்கொண்டு இருந்தது. பகல் குறையத் தொடங்கியதும் மரம் இலையிலுள்ள சத்தைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்போது புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் கிடைத்தால் அது கூடுதலாகச் சேரும். பிறகு காம்பின் அடியில் ஒரு படை உருவாகி இலை கழன்று விழுகிறது. இதைச் சொன்னபின் மாமி மொட்டுகளை மட்டுமே தேடித் தேடிப் பார்த்துக்கொண்டு நடந்தார். உங்கள் மகளுக்கும் அந்த மொட்டைக் காட்டுங்கள்.

மகள் இலை பொறுக்கக் கேட்பாள். மாகாணப் பூங்காக்களிலிருந்து இலை, கல், பூ எதையும் எடுத்துச் செல்ல அனுமதியில்லை. அங்கே பார்த்து, தொட்டு, படமெடுத்துவிட்டு வைத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு முற்றத்து மரமும் இரண்டு கிழமையில் நிறம் மாறிவிடும். புத்தகத்துக்குள் வைத்து அழுத்த அந்த இலைகள் போதும்.

உடுப்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலையில் விறைக்கும், நண்பகலில் வியர்க்கும், ஆகவே ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அம்மாவுக்குக் காதை மூடும் தொப்பியும் ரப்பர் அடியுள்ள சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள். நனைந்த இலை மேல் செருப்பு வழுக்கும். நடந்து முடிந்ததும் எல்லோருடைய கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இலையுதிர்காலத்திலும் உண்ணி உண்டு. சாப்பாடு வீட்டிலிருந்தே போகட்டும்: இடியப்பம், சம்பல், கொஞ்சம் ரோல்ஸ், ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். மீதியை வெளியில் வைக்காமல் வாகனத்துக்குள் பூட்டி வையுங்கள், அது கரடி வாழும் காடு.

அம்மாவின் மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி ஒன்று உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். விசிட்டராக வந்தவர்களுக்கு மாகாணக் காப்புறுதி உதவாது. ஒரு கால் பிசகினாலே ஆயிரக்கணக்கில் பில் வரும். அவருக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் பயணத்துக்கு முன் எடுத்துவிடுங்கள்.

சரி, வேறு லீவே கிடைக்காது, அந்த நீண்ட வார இறுதிதான் என்றால்? அப்போது ஹாலிபர்ட்டன் பக்கம் பாருங்கள், அல்லது டோர்செட்டில் 30 மீற்றர் உயரக் காட்சிக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் ஏறலாம், அம்மா கீழே நின்றே மரங்களைப் பார்க்கலாம். அங்கும் கூட்டம் இருக்கும், காலை வெள்ளனப் போக வேண்டும்.

எதுவுமே சரிவராவிட்டால், ஒக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஒரு ஞாயிறு ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குப் போங்கள். அது ஸ்காபரோவிலேயே இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. விஸ்டா பாதையில் ஒரு காட்சித் தளம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நிறைந்து கிடக்கும். ரூஜைப் பலர் இரண்டாம் தரமாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வயதானவர்களையும் சிறு பிள்ளைகளையும் வைத்திருப்பவர்களுக்கு, களைத்தவுடன் இருபது நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்ப முடிகிற காடு பெரிய கொடை.

இப்போது செப்டம்பர் முதல் வாரம். இன்றிரவே ஹன்ட்ஸ்வில் பக்கம் கட்டணமில்லாமல் ரத்துச் செய்யக்கூடிய அறையொன்றைப் பிடித்து வையுங்கள். லீவுக்கு நாளைக்கே எழுதிக் கொடுங்கள். லீவு உறுதியானதும் திகதியை எனக்கு அறியத் தாருங்கள். அந்தக் கிழமை எங்கே நிறம் நல்லாக நிற்கிறது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.