லேட் நைட் ஜோக்கை ஆபீஸ் லஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள், தம்பி

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நியூஜெர்சிக்கு வந்து இரண்டு மாதம், தினமும் யூடியூபில் லேட் நைட் ஷோ (அன்றைய செய்தியைக் கிண்டல் செய்யும் அமெரிக்க இரவு அரட்டை நிகழ்ச்சி) பார்க்கிறேன், நியூயார்க்கில் நேரில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி? ஆபீசில் அமெரிக்கர்களோடு ஒட்டிக்கொள்ள அதே மாதிரி அரசியல், இனம் பற்றி ஜோக் அடிக்கலாமா? வீடு எடிசனிலா, ஜெர்சி சிட்டியிலா?

வீட்டு விஷயத்துக்கு நம் ஆட்கள் கடை வைத்திருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் ஏதாவது மளிகைக் கடை வாசலில் நின்று கேளுங்கள், ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நான் அதற்குள் போகவில்லை. நடுக்கேள்விதான் முக்கியம். புதிதாக வருகிற நம் ஆட்கள் வழுக்கி விழுகிற இடம் அது.

அடிக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

டிவியில் ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மனம்போன போக்கில் பேசுகிற மாதிரி தெரியும். அது அப்படியே எழுதி வைத்தது. காலையில் எழுத்தாளர்கள் கூடி, அன்றைய செய்தியை வைத்து ஜோக்குகளை எழுதிக் குவித்து, பெரும்பாலானதைக் கழித்துப் போட்டு, மீதியை ஒத்திகை பார்த்து, மாலையில் பதிவு செய்து, இரவு 11 மணிக்கோ அதற்குப் பிறகோ ஒளிபரப்புகிறார்கள். விருந்தாளியாக வரும் நடிகர் ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி சொல்லும் வேடிக்கையைக்கூட ஒரு தயாரிப்பாளர் முன்பே போனில் கேட்டு வைத்திருப்பார். பன்னிரண்டு பேர் சல்லடை போட்டுச் சலித்ததை நீங்கள் மைக்ரோவேவ் பக்கத்தில் நின்று, சலிக்காமல் சொல்லப் போகிறீர்கள்.

அதைவிட முக்கியம், யார் சொல்கிறார்கள் என்பது. சேத் மையர்ஸ் என்பவர் நடத்தும் லேட் நைட் நிகழ்ச்சியில் ‘சேத் சொல்லக்கூடாத ஜோக்குகள்’ என்று ஒரு பகுதி உண்டு, தேடிப் பாருங்கள். அவர் வெள்ளைக்கார ஆண். ஜோக்கின் முன்பாதியைச் செய்தி மாதிரி வாசிப்பார். முடிப்பது அவருடைய எழுத்தாளர்கள் இருவர்: ஆம்பர் ரஃபின் கறுப்பினப் பெண், ஜென்னி ஹேகல் தன்பால் ஈர்ப்புள்ளவர். கறுப்பர் பற்றிய ஜோக் என்றால் ரஃபின் முடிப்பார், மற்றது ஹேகல். கடைசியில் சேத்தையே ஒன்று சொல்லும்படி உசுப்பேற்றி, சொன்னவுடன் இருவரும் சேர்ந்து அவரைப் போட்டுத் தாளிப்பார்கள். ஒரே வாசகம்தான், வாய் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. உங்கள் நிலைமை சேத்தை விட மோசம். அவரையாவது அந்த இருவருக்கும் பல வருடமாகத் தெரியும்.

கீ, பீல் என்ற கறுப்பின நகைச்சுவை ஜோடி 2012ல் ஒபாமாவுக்கு ‘கோப மொழிபெயர்ப்பாளர்’ என்று லூதர் என்ற பாத்திரத்தை உண்டாக்கியது. ஒபாமா அமைதியாக ஒரு வாக்கியம் சொல்வார், லூதர் பக்கத்தில் நின்று அதையே கத்துவார். ஏன் சிரிப்பு வருகிறது? கறுப்பர் ஒருவர் பதவியில் இருந்துகொண்டு கோபப்பட்டால் உடனே முத்திரை விழும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தச் சங்கதி தெரியாமல் பார்த்தால் ஒரு ஆள் கத்துகிறார், அவ்வளவுதான். 2015ல் வெள்ளை மாளிகைப் பத்திரிகையாளர் விருந்தில் நிஜ ஒபாமாவே லூதரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசினார்.

இனி சட்டம். ‘இங்கே பேச்சுச் சுதந்திரம் இருக்கிறதே’ என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுதந்திரத்தைத் தரும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனியார் கம்பெனியை அல்ல. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களுக்குப் பொருந்தும். இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு இவற்றை வைத்துச் செய்யும் தொந்தரவு அதில் அடங்கும். ஒரு ஜோக் வழக்காவது அபூர்வம்தான். ஆனால் புகார் வந்தால் ஹெச்ஆர் அந்த வழக்கு வராமல் இருக்கத்தான் பார்க்கும், உங்கள் நல்ல மனசைப் பார்க்காது. வேலை போனால் ஹெச்1பி வேலை விசாக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள், ஓபிடியில் (படிப்பு முடித்த மாணவர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவருக்கு மொத்தமாக 90 நாள் வேலையில்லாமல் இருக்கலாம். அந்த நாட்களை ஒரு ஜோக்குக்குச் செலவு செய்யாதீர்கள்.

கறுப்பர்களை இழிவாகச் சொல்லும், ஆங்கில ‘என்’னில் தொடங்கும் அந்தச் சொல் எந்தச் சூழலிலும் வேண்டாம். ராப் பாட்டோடு சேர்ந்து பாடும்போதும் வேண்டாம், ‘அவர் இப்படிச் சொன்னார்’ என்று எடுத்துச் சொல்லும்போதும் வேண்டாம். யாருடைய உச்சரிப்பையும் நடித்துக் காட்டாதீர்கள், சீன மேனேஜருடையதை முக்கியமாக. தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்ற தைரியமும் வேண்டாம். நடுவில் வரும் ‘பிளாக்’ என்ற ஒரு சொல்லும், பேசுகிறவர் முகமும் போதும், மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். அது புரியக்கூடாது என்று சிலர் ரகசியச் சொல் வைத்துப் பேசுகிறார்கள். அது இன்னும் கேவலம்.

இந்த விஷயத்தில் நம் பெரிசுகள் மேல் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் வார இறுதி பாட்லக் விருந்தில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே கறுப்பர்களைப் பற்றி அவர்கள் அடிக்கும் ஜோக்கைக் கேட்டிருப்பீர்கள், இல்லையென்றால் சீக்கிரம் கேட்பீர்கள். 1946 சட்டப்படி இந்தியாவுக்கு ஒதுக்கிய குடியேற்ற இடம் வருடத்துக்கு 100. அந்த நாட்டுவாரிக் கணக்கை ஒழித்தது 1965 குடியேற்றச் சட்டம். சிவில் உரிமைச் சட்டம் 1964, வாக்குரிமைச் சட்டம் 1965, இரண்டும் கறுப்பர்கள் போராடிப் பெற்றவை; குடியேற்றச் சட்டமும் அதே அலையில் வந்தது. கறுப்பர்கள் தெருவில் அடிவாங்கித் திறந்த கதவு வழியாக உள்ளே வந்துவிட்டு, அவர்களையே கிண்டல் செய்கிறோம். இதைச் சொன்னால் ‘சும்மா தமாஷுக்கு’ என்பார்கள்.

அப்படியானால் எதை வைத்துச் சிரிப்பது? நம்மை வைத்து நாமே. காமெடியன் அசீஸ் அன்சாரியின் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். 2017 ஜனவரி 21, டிரம்ப் முதல் முறை பதவியேற்ற மறுநாள், சாட்டர்டே நைட் லைவ் என்ற நகைச்சுவை நிகழ்ச்சி மேடையில் நின்று இனவெறியைப் பற்றியே பேசிச் சிரிக்க வைத்தார். அவர் பேசியது தன் தோலிலிருந்து. உங்களுக்கு அந்த அளவு வேண்டாம். ரயில் தாமதம், நியூயார்க் பென் ஸ்டேஷன் ரயில் நிலையக் கூட்டம், விலைச்சீட்டில் இல்லாத வரி, காபியை எடுத்துக் கொடுத்ததற்கே 20 சதவீதம் டிப் கேட்கும் திரை, இவை போதும். நியூஜெர்சிக்காரரிடம் ‘எந்த எக்ஸிட்?’ என்று கேட்பது டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையின் வெளியேறும் எண்ணை வைத்து வரும் பழைய கிண்டல். நீங்களும் அங்கேதான் இருக்கிறீர்கள், தாராளமாகக் கேட்கலாம். ‘ஃபுளோரிடா ஆள்’ என்று தொடங்கும் கோமாளிச் செய்தித் தலைப்புகளை வைத்து வரும் ஜோக்கும் ஆபத்தில்லாதது. அந்த மாநிலத்தில் பொது ஆவணச் சட்டம் தாராளமானது, போலீஸ் அறிக்கைகள் நிருபர் கைக்குச் சுலபமாக வந்துவிடும். அங்கே மட்டும் கோமாளிகள் அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரசியல் ஜோக் புரியவேண்டுமானால் சில எண்கள் தெரிய வேண்டும். செனட்டர் 100, பிரதிநிதிகள் சபை 435, உச்ச நீதிமன்றம் 9, ஜனாதிபதியாக மாநிலத் தேர்வாளர்களின் 538 ஓட்டில் 270. செனட்டில் விவாதத்தை முடிக்கப் பெரும்பாலும் 60 ஓட்டு வேண்டும். பாதி ஜோக் இந்த 60ஐச் சுற்றியே ஓடும். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று மட்டும் சகஊழியரிடம் கேட்காதீர்கள். சம்பளம் கேட்கிற மாதிரி அது.

டிக்கெட்டுக்கு வருகிறேன். எல்லாம் இலவசம். யாராவது காசு கேட்டால் மோசடி. ‘டுநைட் ஷோ’ நடத்தும் ஃபாலன், மையர்ஸ் இருவருக்கும் இடம் ராக்கஃபெல்லர் பிளாசா 30ம் எண். ஜான் ஸ்டூவர்ட் 2024 பிப்ரவரியில் திங்கட்கிழமைகளுக்கு மட்டும் திரும்பி வந்த டெய்லி ஷோ மேற்கே 11வது அவென்யூவில். ‘லேட் ஷோ’ நடத்திய கோல்பேரைத் தேட வேண்டாம். 2026 மேயோடு நிறுத்துவதாக சிபிஎஸ் தொலைக்காட்சி 2025 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. நிகழ்ச்சியின் இணையப் பக்கத்தில் சில வாரம் முன்னதாகப் பெயர் பதியுங்கள். ஆகஸ்டில் சில வாரமும் டிசம்பர் கடைசியிலும் பெரும்பாலும் ஒளிப்பதிவு இருக்காது, லீவு வாரங்கள். சாட்டர்டே நைட் லைவுக்கு ஆகஸ்ட் மாதம் மட்டும் மின்னஞ்சல் அனுப்பிக் குலுக்கலில் விழவேண்டும்.

இதில்தான் ஏமாற்றம் வரும்: டிக்கெட் கையில் இருந்தால் இடம் நிச்சயம் என்று பொருளில்லை. காலி நாற்காலி கேமராவில் தெரியக்கூடாது என்று இருக்கைக்கு மேல் ஆட்களுக்குச் சீட்டு கொடுப்பார்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னால் வரிசையில் நில்லுங்கள். பதிந்த பெயரும் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்கவேண்டும். நம் இனிஷியல் இங்கே சிக்கல் பண்ணும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள். பெரிய பை வேண்டாம். மொத்தம் மூன்று நான்கு மணி நேரம் போகும். விளக்குச் சூட்டுக்காக உள்ளே ஏசியைக் கடுமையாக வைத்திருப்பார்கள், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். தொடங்குமுன் ஒரு காமெடியன் வந்து கூட்டத்தைச் சூடேற்றுவார், ‘எந்த ஊர்’ என்பார். ‘சென்னை’ என்று ஒரே சொல், உட்கார்ந்துவிடுங்கள்.

பழைய கதையும் கொஞ்சம். ஜானி கார்சன் 1962லிருந்து 1992 வரை முப்பது வருடம் ‘டுநைட் ஷோ’வை நடத்தினார், தான் எந்தக் கட்சி என்று மேடையில் காட்டிக்கொள்ளவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கிளிண்டன் 1992 ஜூனில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆர்செனியோ ஹால் நிகழ்ச்சியில் சாக்சபோன் வாசித்தது ஊர் முழுக்கப் பேச்சு. அப்போது யூடியூப் ஏது, இரவு விழித்திருந்தால் உண்டு, தூங்கினால் போச்சு. 2001 செப்டம்பர் 17, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு ‘லேட் ஷோ’ நடத்திய லெட்டர்மன் திரும்பி வந்த இரவு. வழக்கமான தொடக்க ஜோக்குகள் இல்லை, நேரே மேஜையில் உட்கார்ந்து தடுமாறித் தடுமாறிப் பேசினார். அன்றைக்கு அந்த அரங்கில் சிரிக்க வேண்டுமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒன்று விட்டுப்போச்சு தம்பி. உள்ளே போகுமுன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். பதிவு நடக்கும்போது எழுந்தால் திரும்ப அதே சீட் கிடைக்காது.