சண்டிகர் நாற்காலி: கடிதம்

வணக்கம்.

வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் ‘சண்டிகர் நாற்காலி’யைப் பார்த்தேன். பழைய அரசு அலுவலகங்களில் கிடக்கும் பிரம்பு நாற்காலி மாதிரிதான் இருக்கிறது, விலையோ லட்சங்களில். பியர் ஜானரே செய்தது என்று போட்டிருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

ஜானரே கையால் செய்ததில்லை, சண்டிகரில் அவர் பொறுப்பிலிருந்த கட்டடக்கலை அலுவலகத்தில் உருவான வடிவம். சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே வருடத்தில் இரண்டு தடவை வந்து போவார். அவருடைய உறவுக்காரரான ஜானரேதான் 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்தவர். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் புதிதாக எழும்பின. உட்கார நாற்காலி வேண்டுமே!

1920களின் கடைசியில் இவர்கள் இருவரும் ஷார்லோட் பெரியான் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து பாரிஸில் எஃகுக் குழாய் நாற்காலிகள் செய்தவர்கள். சண்டிகரில் அது சரிப்படாது. கையில் இருந்தது தேக்கும் பிரம்பும், நல்ல தச்சர்களும். தேக்கைக் கரையான் சுலபத்தில் தொடாது, பிரம்பில் முதுகு வேர்க்காது. முன்காலும் பின்காலும் மேலே சேர்ந்து கீழே அகலும். வளைவு நெளிவு இல்லை, கடைசல் இல்லை. வரைபடத்தைக் கொடுத்தால் எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம். அப்படித்தான் பல பட்டறைகளில் செய்தார்கள், அதனால் கட்டையின் கனமும் கால்களின் சாய்வும் ஒன்றுபோல் இருக்காது. எனக்கு அதில் மிகவும் பிடித்ததே இதுதான். ஏலக்காரர்களுக்கு ஒரு பெயர் போதும். அறைகலன் வேலையில் பங்கிருந்த கட்டடக்கலைஞர் யூலி சௌத்ரியை அபூர்வமாகத்தான் சொல்வார்கள். தச்சர்கள் கணக்கிலேயே இல்லை.

அப்புறம் பிரம்பு கிழிந்தது, நாற்காலிகள் மொட்டைமாடிக்குப் போயின. அரசே கழிவுச் சாமான் என்று ஏலம் விட்டது. பிரெஞ்சு வியாபாரிகள் வாங்கிப் பழுதுபார்த்து பாரிஸிலும் நியூயார்க்கிலும் விற்றார்கள். 2011-ல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. ஆனால் தொல்பொருள் சட்டப்படி இதற்கு 100 வயதாக வேண்டும், எனவே வெளியே போனதை மீட்பது கடினம். இதில் வேடிக்கை, திருட்டுப் போகாமலிருக்க அலுவலகத்தில் பெயின்ட்டால் எழுதிய இருப்பு எண்தான் இன்று விலையை ஏற்றுகிறது. போலி செய்பவர்களும் மறக்காமல் எழுதிவிடுகிறார்கள்.

உட்கார நல்ல நாற்காலி, சந்தேகமில்லை. ஆனால் அந்த லட்சங்கள் உட்காருவதற்காகக் கொடுப்பவை அல்ல. ஆசையிருந்தால் படத்தைத் தச்சரிடம் காட்டிச் செய்துகொள்ளுங்கள். பிரம்பு பின்னுகிறவர் கிடைப்பாரா என்று மட்டும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

அன்புடன்