சீரழிந்த அலையாத்திக் காட்டுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதுவது எப்படி? எத்தனை கன்று நட வேண்டும்?

கன்றுக் கணக்கைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அந்த இடத்தில் மரம் ஏன் தானாக முளைக்கவில்லை என்பதற்கு விடை கிடைக்காமல் திட்டத்தின் முதல் பக்கத்தைக்கூட எழுதக் கூடாது.

இதற்குப் பிச்சாவரத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அந்தக் காடு அழிந்ததற்கு ஆடுமாடுகளும் விறகு வெட்டும் ஊர்மக்களும்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. உண்மையில், வெள்ளையர் காலத்திலிருந்து 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது. நடுப்பகுதி தாம்பாளம்போலப் பள்ளமானது. பெரிய ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏற்றத்தில், உள்ளே வரும் உப்புநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, கோடையில் ஆவியாகி, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டல் மரமே பிழைக்காத இடத்தில், அவ்வளவு தாங்காத சுரபுன்னை மரம் எப்படி வரும்? அங்கே வேலி போட்டிருந்தாலும் காவல் வைத்திருந்தாலும் உப்பு மண்ணில் வளரும் உமிரிச் செடிதான் மிஞ்சியிருக்கும்.

அதனால் முதல் செலவு மட்ட அளவைக்குத்தான். அசையாத ஓர் இடத்தில், எல்லா உயரத்தையும் ஒப்பிட ஒரு மட்டக்குறி வைத்து, 50 மீட்டருக்கு ஒரு புள்ளியாக ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் உயரம் எடுங்கள். பள்ளம் உள்ள இடத்தில் இன்னும் நெருக்கமாக எடுக்க வேண்டும். அந்தக் கடலோரத்தில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான் என்பதால், ஒரு சாண் உயர வித்தியாசமே காடா வெட்டவெளியா என்பதைத் தீர்மானித்துவிடும். கூடவே அளவுகோல் நட்டு, அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் நீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று குறியுங்கள். மண்ணில் ஓர் அடிக் குழி தோண்டி, ஊறிவரும் நீரின் உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவியில் பாருங்கள். இதை மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை என இரண்டு தடவை செய்ய வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் அளந்தால் எல்லா மண்ணும் நல்ல மண்ணாகத்தான் தெரியும்!

நீர் தேங்குவதுதான் நோய் என்று உறுதியானால் மருந்து வாய்க்கால். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து பிச்சாவரத்தில் செய்தது இதைத்தான். இயற்கை ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து மீன்முள்போல இருபக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலே அகலமும் அடியில் குறுகலுமாக வெட்டுங்கள், செங்குத்தாக வெட்டினால் கரை சரியும். வாய்க்காலின் அடிமட்டம் பள்ளத்தின் தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் உள்ளே வருமே தவிர வெளியேறாது. வெட்டிய சேற்றைக் கரையோரம் வரிசையாகக் குவிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்தக் குவியலே வரப்பாகி ஓதத்தை மறித்துவிடும். பரப்பிவிடுங்கள், அல்லது இடையிடையே திறப்பு விடுங்கள்.

நடவு அதற்குப் பிறகு. உப்பு இறங்கியதை அளந்து பார்த்துவிட்டு, வாய்க்காலின் சரிவில், ஓதம் வந்து தொட்டுப் போகும் உயரத்தில் நடுங்கள். வெண்கண்டல் விதையைச் சேமித்து வைக்க முடியாது, விழும் பருவத்திலேயே பொறுக்கிப் போட வேண்டும். சுரபுன்னையின் நீண்ட முளைக்காயை நடுவது எளிது, புகைப்படத்துக்கும் அழகு. அதற்காகவே உப்பு மிகுந்த இடத்திலும் அதையே நட்டுச் சாகடிக்கிறார்கள். அருகில் தாய்மரங்கள் இருந்து நீரோட்டமும் சரியானால், பல இடங்களில் நடவே தேவைப்படாது. இயற்கையாகவே மரமில்லாத சேற்றுத்திட்டுகளைத் தொடாதீர்கள், அவை வலசைப் பறவைகளின் இரைக்களம்.

வரைபடத்தில் மண்டலம் பிரிக்கும்போது, யார் எந்த ஓடையில் எந்த மாதம் மீன் பிடிக்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். பிச்சாவரத்தில் இருளர் மக்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அப்படிப்பட்ட ஓடையைக் கோடு போட்டு மூடிவிட்டு அவர்களையே காவலுக்கு அழைப்பது நியாயமில்லை, நடக்கவும் நடக்காது. பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். பொதுக்கூட்டத்தில் விறகைப் பற்றியோ நண்டைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை.

அலையாத்திகள் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் மிகக் கடுமையான பிரிவில் வருகின்றன. காப்புக்காடாகவும் இருந்தால் மண்வெட்டி இறங்கும் முன்பே வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இருக்க வேண்டும். நன்னீர் வரத்தும் முகத்துவாரத்தில் மணல் அடைப்பும் நீர்வளத்துறையின் கையில் இருப்பதால், அவர்களையும் மீன்வளத்துறையையும் திட்டம் எழுதும்போதே உட்கார வையுங்கள்.

பல திட்டங்கள் சில ஆண்டுகளில் படுப்பதற்கு ஒரு காரணம் வாய்க்காலில் படியும் தூர். கிளை வாய்க்கால்களின் வாய் முதலில் அடைபடும், பிறகு நீர் பழையபடி தேங்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர்வார ஒதுக்கீடு, அதை யார் செய்வது, எந்த அளவுக்குச் சேறு ஏறினால் உடனே வார வேண்டும் என்ற மூன்றையும் எழுதுங்கள். நிலையான புள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் படம் எடுத்து, அதே குழிகளில் உப்பையும் அளந்து வாருங்கள். பிழைத்த கன்றுகளின் விகிதத்தை முதல் ஆண்டோடு நிறுத்தாமல் ஐந்தாம் ஆண்டு வரை எண்ணுங்கள். மொத்த நிதி போதவில்லை என்றால் நடும் பரப்பைக் குறையுங்கள், தூர்வாரும் பணத்தில் கை வைக்காதீர்கள்.