ஆக்சிலும் பிரேக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய டயரைப் பற்றியவை. அந்த டயரோடு வண்டி எப்படி நிற்கும் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். அதனால் கேட்காதவர்களுக்கும் சேர்த்துப் பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பழைய பிக்கப்பில் 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 35 அங்குலம் மாட்டினேன். கிரவுன்-பினியன் 4.10. ஏற்றத்தில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. எந்த விகிதம் போடலாம்?

கிரவுன்-பினியன் என்பது ஆக்சிலுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடி; 4.10 என்றால் பினியன் 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். 4.10-ஐ 35-ஆல் பெருக்கி 29-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 4.95 வரும். சந்தையில் அதற்கு நெருக்கமாக இருப்பது 4.88. முன்னும் பின்னும் அதையே போடுங்கள். இன்னும் இழுவை வேண்டும் என்று 5.38-க்குப் போக வேண்டாம். விகிதம் ஏற ஏறப் பினியன் ஒல்லியாகும், அதன் பலமும் குறையும்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். இப்போது உங்கள் வேகமானி 60 காட்டும்போது வண்டி 72-ல் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்திலிருந்து நிறுத்த, பிரேக் 44 சதவீதம் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டும். போதாததற்கு, சக்கரத்தின் ஆரம் நீண்டுவிட்டதால் அதே பிரேக் தரையில் தரும் விசை ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கியர் மாற்றினால் வேகமானி சரியாகிவிடும், பிரேக் சரியாகாது. முதலில் பிரேக், அப்புறம் டயர். நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள். பிரேக் வேலை முடியும்வரை பழைய டயரையே மாட்டி ஓட்டுங்கள்.

கேள்வி: முன்பக்கம் மட்டும் இப்போதைக்கு விகிதம் மாற்றிக்கொள்ளலாமா? பின்பக்கத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

முன் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டுவதென்றால் சரி. அதை மாட்டி ஃபோர் வீலில் போட்டால், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

கேள்வி: டானா 60 போடலாமா?

கடிதமே இவ்வளவுதான். டயர் அளவு இல்லை, வண்டி எடை இல்லை, லாக்கர் (இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் கருவி) உண்டா என்று இல்லை, முன்பக்கத்துக்கா பின்பக்கத்துக்கா என்றுகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? அடுத்த முறை இந்த நான்கையும் எழுதுங்கள்.

பொதுவாகச் சொல்கிறேன். டானா 44-உம் அதைவிடப் பலமான டானா 60-உம் ஆக்சில் வகைகள். டானா 44-இன் கிரவுன் வீல் சுமார் 8.5 அங்குலம், டானா 60-இல் 9.75. 33 அங்குல டயர் வரை நல்ல நிலையில் உள்ள 44 போதும். 35 அங்குலமும் லாக்கரும் என்றால் 44-க்கு நல்ல குரோமோலி (உறுதியான எஃகு) ஷாஃப்ட் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த நிலையில் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். 37-ஐத் தாண்டினால் 60 வாங்குங்கள். அதில் சக்கரத்தைப் பூட்டப் பெரும்பாலும் எட்டு ஸ்டட், அவை நிற்கும் வட்டம் 6.5 அங்குலம். முன்பக்கம் மட்டும் மாற்றினால் ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும். கூடும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். அதையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: பின் ஆக்சிலுக்கு ஃபுல் ஃபுளோட்டிங் அவசியமா?

சுமை ஏற்றுகிறவருக்கு அவசியம். செமி ஃபுளோட்டிங்கில் ஷாஃப்ட் சுழலவும் வேண்டும், வண்டியின் எடையைச் சுமக்கவும் வேண்டும். ஷாஃப்ட்டை உள்ளே ஒரு கிளிப் மட்டும் பிடித்திருக்கும் சி-கிளிப் வகையில் ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரமும் டிரம்மும் சேர்ந்து வெளியே வந்துவிடும், அந்தப் பக்கத்துப் பிரேக்கும் அதோடு போய்விடும். ஃபுல் ஃபுளோட்டிங்கில் ஹப் இரண்டு பேரிங்கில் ஸ்பிண்டில் மேல் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் வண்டியோடுதான் இருக்கும்.

கேள்வி: பின் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டேன். டிஸ்க்கைக் கவ்வ வாங்கிய காலிபரில் ஹேண்ட்பிரேக் வசதி இல்லை. கியரில் போட்டு நிறுத்திவிடுகிறேன். அது போதும்தானே?

போதாது. இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல் சரிவில் நண்பரின் பிக்கப் நின்றிருந்தது. உங்களைப் போலவே பின்னால் டிஸ்க் மாற்றியவர். ஹேண்ட்பிரேக் கேபிளைச் சுருட்டி, சேஸிஸில் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார். எஞ்சினை அணைத்து முதல் கியரில் விட்டிருந்தார். நான் வண்டிக்குப் பின்னால் குனிந்து, கொக்கியில் மாட்டிய பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த பையன் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை லோவிலிருந்து ஹைக்குத் தள்ளினான். இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கிறது. லீவர் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு சின்ன 'டக்', அவ்வளவுதான். அப்புறம் டயருக்குக் கீழே சரளைக்கல் நொறுங்கும் சத்தம். எஞ்சின் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, இரண்டு டன் இரும்பு என் தோளை நோக்கி வந்தது. நான் பக்கவாட்டில் விழுந்தேன். நான்கைந்து அடி தள்ளி ஒரு பாறையில் மோதி வண்டி நின்றது. சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை. அது என் தவறும்தான்.

கியரில் போட்டு நிறுத்தும்போது சக்கரத்தைப் பிடித்துவைப்பது எஞ்சினின் கம்ப்ரெஷன். அந்தப் பிடி கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃப்பரன்ஷியல், ஆக்சில் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் சக்கரத்துக்கு வருகிறது. வழியில் ஒன்று விட்டாலும் வண்டிக்குப் பிடி இல்லை. லாக்கர் இல்லாத சாதாரண டிஃப்பரன்ஷியல் என்றால் எதுவும் உடையக்கூட வேண்டாம். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். பஞ்சர் பார்க்கும்போது வண்டி ஜாக்கியை விட்டு நகர்வது இப்படித்தான். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் பூட்டும் டிரான்ஸ்மிஷன் பிரேக்குக்கும் இதே குறை உண்டு.

லைனில் ஒரு வால்வை வைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தைப் பூட்டி வைக்கலாமே என்று வேறொரு வாசகர் எழுதியிருக்கிறார். கூடாது. இறக்கத்தில் சூடான பிரேக் ஆயில் ஆறும்போது சுருங்கும், அழுத்தமும் இறங்கும். சீலில் மயிரிழை கசிவு இருந்தாலும் கதை முடிந்தது. ஐந்து நிமிடம் பிடித்தது என்பதை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஹேண்ட்பிரேக் லீவரோடு வரும் காலிபர் போடலாம். ஆனால் அதைச் சொன்னபடி அட்ஜஸ்ட் செய்தால்தான் பிடிக்கும், பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். டிஸ்க்கின் குடத்துக்குள் சின்ன டிரம்மும் ஷூவும் உள்ள வகை அதைவிட மேல். மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: பின் டிரம்மை அப்படியே விட்டுவிடுங்கள். நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை முன்பிரேக் செய்கிறது. பணத்தை அங்கே பெரிய டிஸ்க்கிலும் காலிபரிலும் போடுங்கள். சேறு புகுந்த டிரம்மைக் கழுவ வேண்டியிருக்கும், உண்மை. கழுவுங்கள்.

கேள்வி: பின்னால் டிஸ்க் போட்டதிலிருந்து பத்து கிலோமீட்டர் ஓட்டினாலே பின் ஹப் கொதிக்கிறது. காலிபர் பழுதா?

காலிபரைக் கழற்றும் முன், பெடல் உதையை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். டிரம் வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில் பல நேரம் ஒரு ரெசிடுவல் வால்வு இருக்கும். கால் எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம் தங்கும்படி அது பார்த்துக்கொள்ளும். வீல் சிலிண்டர் கப் தளராமல் இருக்க அது தேவை. டிஸ்க்குக்கு அதுவே பேடை உரசிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் காலிபரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு போடுங்கள். பெடலில் ஓய்வு நிலையில் கொஞ்சமாவது வெற்று அசைவு (ஃப்ரீ பிளே) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெடலை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் புஷ்ராடு நீளமாக இருந்தாலும் இதே கோளாறுதான் வரும்.

கேள்வி: பெரியது நல்லது என்று 1 அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 1.125 அங்குலம் போட்டேன். பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை.

பெரியது நல்லது என்று யார் சொன்னது? பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. அதே உதைக்கு லைனில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெரிய போர் (சிலிண்டரின் உள்விட்டம்) வேண்டியது, பெரிய காலிபருக்கு ஆயில் போதாதபோதுதான். பழைய காலிபர் இருக்கும்வரை பழைய சிலிண்டரையே மாட்டுங்கள்.

கேள்வி: வண்டியை 4 அங்குலம் தூக்கிய பிறகு பின்பிரேக் வேலையே செய்யவில்லை போலிருக்கிறது. மூக்கு மட்டும் குத்துகிறது.

சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு கம்பி போகிறதா? அதன் நுனியில் இருப்பது லோடு சென்சிங் வால்வு. பின்னால் சுமை ஏறினால் உடம்பு தாழும், கம்பி நகரும், பின்பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நீங்கள் உடம்பைத் தூக்கிவிட்டதால் வண்டி எப்போதும் காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆக்சில் பக்கம் உள்ள பிராக்கெட்டைத் தூக்கிய அளவுக்கு உயர்த்துங்கள். பிறகு ஈரமான, காலியான இடத்தில் மெதுவான வேகத்தில் பிரேக் அடித்துப் பாருங்கள். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்திப் பூட்டக் கூடாது.

பிரேக் ஹோஸை மாற்றினீர்களா? எழுதவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தந்திக்கம்பி மாதிரி விறைத்தால் அது அறுந்து போகக் காத்திருக்கிறது. ஸ்டாண்ட் என்றேன், ஜாக்கி மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: டாட் 5 நல்லதா, டாட் 5.1 நல்லதா?

இரண்டும் பிரேக் ஆயில் வகைகள். எண் பக்கத்தில் இருப்பதால் உறவு என்று நினைக்காதீர்கள். டாட் 5 சிலிக்கான், மற்றதோடு கலக்கக் கூடாது. 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 3-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, ஈரம் இழுத்த பிறகு 140. டாட் 4 என்றால் 230, 155. நீண்ட இறக்கம் போகிறவருக்கு டாட் 4 போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்களா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: ஆற்றைக் கடந்து வந்தபின் பின் ஆக்சில் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறது.

சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும், ஹவுசிங் மூச்சுவிடும் துளையான பிரீதர் வழியாகவும் தண்ணீரை இழுத்திருக்கிறது. உடனே ஆயிலை மாற்றுங்கள். அந்த ஆயிலோடு இன்னொரு நாள் ஓட்டினாலும் பேரிங் துரு பிடிக்கும். பிரீதருக்கு ஒரு குழாய் மாட்டிப் பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கேள்வி: வேறு வண்டியின் ஆக்சிலுக்கு ஸ்பிரிங் இருக்கையை நானே வெல்டிங் செய்யலாமா?

வெல்டிங் நன்றாகத் தெரிந்தால் செய்யலாம். முதலில் எஞ்சின், பாடி எல்லாம் உட்கார்ந்து ஸ்பிரிங் முழு எடையைத் தாங்கிய பிறகு கோணம் பாருங்கள். காலி சேஸிஸில் வைத்துப் பற்றவைத்தால் பினியன் எங்கேயோ பார்க்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் (யுனிவர்சல் ஜாயிண்ட்) என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அவுட்புட்டும் பினியனும் இணையாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் என்றால் பினியன் நேராக அதைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்வதற்காக ஓரிரு டிகிரி தாழ்த்தி வையுங்கள்.

ஒரே மூச்சில் இழுத்து வெல்டு போடாதீர்கள். ஓர் அங்குலம் போட்டு எதிர்ப்பக்கம் போங்கள், தானாக ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். டியூப் வளைந்தால் ஷாஃப்ட் கோணலாக ஓடிச் சீலைத் தின்னும். நடுவில் உள்ள வார்ப்பு ஹவுசிங்கைத் தொடுவதென்றால் அது வேறு வேலை. அதற்கு முன்சூடும் நிக்கல் ராடும் வேண்டும்.

கேள்வி: புது கிரவுன்-பினியன் போட்டாகிவிட்டது. உடனே டிரெய்லர் இழுக்கலாமா?

கூடாது. இருபது முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி முழுக்க ஆற விடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். அதுவரை இழுவை இல்லை.

கேள்வி: பழைய டிரம்மில் சேர்ந்த தூசியைக் காற்றடித்து எடுக்கலாமா?

ஒருபோதும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

கேள்வி: முன்பக்கம் பெரிய காலிபர் மாட்டி மூன்று நாளாக ஏர் எடுக்கிறேன். இரண்டு லிட்டர் ஆயில் போய்விட்டது. பெடல் இன்னும் பஞ்சு மாதிரிதான் இருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றிக் காலிபரைப் பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீழே இருந்தால் இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறீர்கள். காற்று மேலே தங்கும், நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் ஆயில் மட்டும்தான் வெளியே வரும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரண்டையும் மாற்றி மாட்டுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். அரை லிட்டரில் வேலை முடிந்துவிடும்.