எண்ணிக்கை சரி, பி செல் எங்கே?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. எட்டாவது மாதத்தில் இருந்தே காதில் சீழ், நிமோனியா என்று மாறி மாறி வந்து மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். இப்போது ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்டில் பி செல் 0.2 சதவீதம்தான், புரூட்டன் நோயாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். இத்தனை நாள் எடுத்த டெஸ்டில் எல்லாம் வெள்ளை அணுக்கள் சரியாகத்தானே இருந்தன? தாய்மாமனைக் கட்டியதால்தான் இப்படி என்கிறார்கள் சொந்தக்காரர்கள், நிஜமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் ஊர்ப்பக்கம் மாங்காய் லோடு பார்த்திருப்பீர்கள். லாரி முழுக்க பெங்களூரா, நடுவில் நாலு கூடை மல்கோவா. எடைமேடையில் நிறுத்தினால் டன் கணக்குதான் வரும், மல்கோவா ஏறியதா இல்லையா என்று கூடையைப் பிரித்தால்தான் தெரியும். சாதாரண ரத்த டெஸ்ட் எடைமேடை, ஃப்ளோ சைட்டோமெட்ரி கூடையைப் பிரிப்பது. வெள்ளை அணுக்களில் பி செல்கள் சிறு பங்குதான், அவை அடியோடு இல்லாமல் போனாலும் மொத்தக் கணக்கு அசையாது.

பையனுக்கு டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் இருக்கும். பி செல்கள் மட்டும் எலும்பு மஜ்ஜையில் உருவாகத் தொடங்கி, பிடிகே என்ற புரதம் வேலை செய்யாததால் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. அவை இல்லாவிட்டால் கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடி இல்லை. வயிற்றில் இருந்தபோது நீங்கள் கொடுத்த ஆன்டிபாடி ஆறு மாதம் போல ஓடியிருக்கும், அது தீர்ந்த பிறகுதானே சீழும் சளியும் ஆரம்பித்தன! அடுத்த முறை டான்சிலையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்தக் குழந்தைகளுக்கு அது கண்ணுக்கே படாத அளவு சிறிதாக இருக்கும்.

புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் 1952-ல் எழுதிய நோய் இது, காரணமான ஜீன் 1993-ல்தான் பிடிபட்டது. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண் குழந்தைக்கு எக்ஸ் வருவது அம்மாவிடம் இருந்து மட்டும். நீங்கள் ஓசூரில் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் வேறு உண்டு, அவற்றில் சில நோய் எதிர்ப்புக் குறைபாடுகளும் சேர்த்திதான், ஆனால் புரூட்டன் அந்தக் கணக்கில் வராது. அதற்காக உங்கள் மேல் பழி என்று அர்த்தமில்லை, சிலருக்கு அந்த ஜீன் மாற்றம் குழந்தையிடமே புதிதாக வரும். ஜீன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். நீங்கள் அதைச் சுமப்பவர் என்றால் அடுத்து பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சரி, வைத்தியம்? மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின், அதாவது அவனிடம் இல்லாத ஆன்டிபாடியை, ஏற்ற வேண்டும், ஆயுளுக்கும். அப்புறம், போலியோ சொட்டு மருந்து முகாம் அன்று இவனுக்கும் சரி, வீட்டில் இருக்கும் மற்ற குழந்தைகளுக்கும் சரி, சொட்டு மருந்து வேண்டாம், அதில் இருப்பது உயிருள்ள கிருமி. மற்ற குழந்தைகளுக்குப் போலியோ ஊசி போடலாம். முகாமுக்கு முன்பே சுகாதார நிலையத்தில் ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள்.