பையன் ஸ்னைப்பர் ஆக வேண்டும் என்கிறானா? கோபியிலிருந்து கேட்ட அம்மாவுக்கு

பன்னிரண்டாவது முடிக்கப்போகிற உங்கள் பையன், மறைந்திருந்து வெகுதூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ராணுவத்தில் ஸ்னைப்பர் வேலைக்கு என்று நேரடியாக ஆள் எடுப்பதில்லை. காலாட்படையில் சேர்ந்து, குறி தவறாதவர், பொறுமைசாலி என்று பட்டாலியனில் பேர் வாங்கினால்தான் அந்தப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். மத்தியப் பிரதேசத்தில் மாவ் என்ற ஊரில் உள்ள காலாட்படைப் பள்ளியில் அதற்குத் தனிப் பயிற்சி நடக்கிறது. அது கடைசிவரை கிடைக்காவிட்டாலும் பட்டாளத்தில் இருக்கச் சம்மதமா என்று தம்பியிடம் கேளுங்கள்.

போனில் விளையாடும் விளையாட்டுக்கும் நிஜ வேலைக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் சுடுவார்; பக்கத்தில் இன்னொருவர் தூரத்தையும் காற்றையும் பார்த்துச் சொல்வார். ட்ராகுனோவ் ரைபிளில் கிளம்பிய தோட்டா 800 மீட்டர் போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று அதைத் தள்ளிவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலைப் பக்கம் வீசும் காற்று என்றால், புல் எப்படி ஆடுகிறது, கானல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். பல நாள் ஒரு தோட்டாகூடச் சுடாமல், பார்த்ததை எழுதுவதோடு முடியும். சுடுகிற நாளில் எதிரியின் முகம் ஸ்கோப்பில் தெரியும். அந்தப் பாரத்தையும் பையனிடம் மறைக்காமல் பேசுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர், ஆசையோடு வரும் பையன்களைத் தென்னந்தோப்பு வரப்பில் குப்புறப் படுக்க வைப்பார். ஒரு மணி நேரம் அசையக் கூடாது. கண்ணில் பட்டதையெல்லாம் அப்புறம் நோட்டில் எழுத வேண்டும். எறும்பு கடித்ததும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். உங்கள் பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கட்டும்.

ஃபின்லாந்தின் பேர்பெற்ற ஸ்னைப்பர் சிமோ ஹய்ஹா ஒரு விவசாயி, வேட்டைக்காரர். சோவியத் யூனியனோடு நடந்த 1939-40 போரில் 500 பேருக்கு மேல் சுட்டதாகச் சொல்கிறார்கள். 1940 மார்ச்சில் அவர் தாடையையே ஒரு குண்டு பெயர்த்துவிட்டது. பிழைத்து ஊர் திரும்பி, நாய் வளர்த்து, வேட்டைக்குப் போய், 2002இல் 96 வயதில் இறந்தார். போர் சில மாதம். அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். அந்தப் பிற்கால வாழ்க்கையை இப்போதே யோசிக்கச் சொல்கிறேன்.

ஏனென்றால் இப்போது சிப்பாயாகச் சேர அக்னிவீர் வழிதான். நான்கு வருடம், அதற்குப் பின் 25 சதவீதம் வரைதான் நிரந்தரம். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் பிடித்தம். அந்தப் பணம் அரசின் பங்கோடு சேர்ந்து கடைசியில் மொத்தமாக வரும். நான்கு வருடத்தோடு வெளியே வந்தால் ஓய்வூதியம் கிடையாது. ஸ்னைப்பர் பயிற்சிக்கு முறை வருவதற்குள்ளேயே காலம் முடிந்துவிடலாம்.

என்னைக் கேட்டால், அவன் முதலில் பட்டப்படிப்பில் சேரட்டும், கூடவே என்சிசி என்கிற தேசிய மாணவர் படையிலும். அங்கே பாயிண்ட் 22 ரைபிளைக் கையில் கொடுத்துச் சுடப் பழக்குவார்கள். முகாம் வாழ்க்கை ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். டிகிரி முடித்தால் அதிகாரியாகப் போக சிடிஎஸ் தேர்வு எழுதலாம். அக்னிவீர்தான் வேண்டும் என்றால் அந்த ஆண்டு அறிவிப்பில் வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதமே கண் மருத்துவரிடம் காட்டி, பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதித்துவிடுங்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன், அங்கே என்சிசியில் ராணுவப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கல்லூரியிலும் இருக்காது.