கலைக்கல்விப் பட்டதாரிகளின் செய்திகளை எப்படிப் படிப்பது: ஒரு தாயாருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஓவிய ஆசிரியராவதற்கான கலைக்கல்விப் பட்டப்படிப்பில் உங்கள் மகளைச் சேர்ப்பது பற்றி எழுதிய கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த முன்னாள் மாணவர் செய்தித் தொகுப்பை இரண்டு முறை படித்தேன். கலைக்கல்வித் துறையில் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் தனிக்கண்காட்சி நடத்தியிருக்கிறார். ஒருவருக்கு நல்லாசிரியர் விருது கிடைத்திருக்கிறது. இன்னொருவர் ஓர் அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். அவற்றைப் படித்துவிட்டு, "இதெல்லாம் பத்தில் ஒருவருக்குத்தானே வாய்க்கும், மீதி ஒன்பது பேர் எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான பெற்றோர் அந்தப் பக்கங்களைப் பார்த்து மயங்கிவிடுவார்கள், அல்லது எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்கு என்னால் இயன்றவரை நேராகவே பதில் சொல்கிறேன்.

இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் எப்படி உருவாகின்றன என்றால், துறையிலிருந்து பழைய மாணவர்கள் அனைவருக்கும் ஒரு மடல் போகும். யார் பதில் எழுதுகிறார்களோ அவர்களுடைய செய்தி வெளியாகும். விருது வாங்கியவர் அன்றைக்கே எழுதிவிடுவார். ஒரே பள்ளியில் பன்னிரண்டாம் ஆண்டாக ஓவிய வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பவர், இதில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவார். துறையை விட்டு வேறு வேலைக்குப் போனவருக்கோ எழுதக் கூச்சம். ஆகவே மீதி ஒன்பது பேரும் தோற்றுப்போனவர்கள் என்று நீங்கள் எண்ண வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தோடு அமைதியாக ஆசிரியப் பணி பார்ப்பவர்கள் யாருக்கும் செய்தியாவதில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்தப் படிப்பால் வேலை கிடைக்காமல் விலகியவர்களும் அதே மௌனத்துக்குள்தான் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது அந்தத் தொகுப்பிலிருந்து தெரியாது; வேறு வழியில்தான் கேட்டறிய வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தொகுப்புகளில் எனக்குள்ள பெரிய குறை வேறொன்று. ஒருவருடைய முப்பது ஆண்டுகளை அவை இரண்டு வரியில் சுருக்கிவிடுகின்றன. "தனிக்கண்காட்சி நடத்தினார்" என்ற வரியைப் படிக்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு, பட்டம் வாங்கிய மறு ஆண்டே அது நடந்துவிடும் என்று தோன்றுகிறது. அமெரிக்க ஓவியர் ஆல்மா தாமஸின் வாழ்க்கையை அப்படி இரண்டு வரியில் எழுதினால், ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் 1924இல் முதல் பட்டதாரி, நியூயார்க்கின் விட்னி கலை அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி நடத்திய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்று முடிந்துவிடும். ஆனால் அந்தக் கண்காட்சி நடந்தது 1972இல். அப்போது அவருக்கு வயது எண்பது. இடைப்பட்ட காலத்தில், 1960இல் ஓய்வு பெறும்வரை, வாஷிங்டனில் ஒரே நடுநிலைப் பள்ளியில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தார். வேலையில் இருந்துகொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கலைக்கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றார். பிள்ளைகளை வைத்துப் பொம்மலாட்டம் நடத்தினார். உலகம் இன்று கொண்டாடுகிற, பளிச்சென்ற வண்ணத் தீற்றல்களாலான அவருடைய ஓவியங்கள் பணி ஓய்வுக்குப் பிறகு பிறந்தவை. அந்தப் பள்ளி ஆண்டுகள் வீணாகக் கழிந்த காத்திருப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்ததும் ஒரு வாழ்நாளின் வேலைதான்.

இன்னோர் அமெரிக்க ஓவியரான ஃபெய்த் ரிங்கோல்டு இந்தப் படிப்புக்கு விரும்பி வந்தவர் அல்லர். நியூயார்க் சிட்டி கல்லூரியில் 1950இல் அவர் சேரப் போனபோது, கலைப் பட்டப் பிரிவில் பெண்களுக்கு இடமில்லை, ஆசிரியர் பயிற்சிப் பிரிவில் உண்டு என்றார்கள். அதனால் கலைக்கல்வி எடுத்துப் படித்து, 1955 முதல் 1973 வரை அந்நகரத்துப் பள்ளிகளில் கற்பித்தார். கதை சொல்லும் துணி ஒட்டுவேலைகளால் பிற்காலத்தில் பெரும் பெயர் பெற்று, பல்கலைக்கழகப் பேராசிரியராகி, குழந்தைகளுக்கான படப் புத்தகங்களும் செய்தார். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் ஜெர்மனியில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து, 1915இல் ஓவிய ஆசிரியர் சான்றிதழ் பெற்று, தம் முப்பத்திரண்டாம் வயதில் மறுபடியும் மாணவராக பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் போய்ச் சேர்ந்தவர். பின்னால் அங்கேயும், அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரியிலும், யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்று அவர் 1963இல் வெளியிட்ட நூல், வகுப்பறையில் வண்ணத் தாள்களை வைத்து மாணவர்களோடு செய்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்தது. சாந்திநிகேதனத்தின் கலைப் பள்ளியான கலா பவனத்தில் பயின்ற தேவி பிரசாத் 1944இல் காந்தியின் சேவாகிராம ஆசிரமத்தில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தார். 1962இல் லண்டன் சென்று போர் எதிர்ப்போர் சர்வதேச அமைப்பின் பொதுச்செயலாளரானார். மண்பாண்டக் கலைஞராகவும் அறியப்பட்டார்.

இவர்களெல்லாம் சிகரங்கள், உங்கள் மகளுக்கு இப்படி நடக்கும் என்று சொல்வதற்காக இவர்களைக் குறிப்பிடவில்லை. நான்கு பேர் வாழ்க்கையிலும் கற்பிக்கும் வேலைதான் முதலில் சோறு போட்டது, சொந்தப் படைப்பு அதனோடு கூடவே அல்லது அதற்குப் பின்னால் வந்தது என்பதைக் காட்டத்தான் குறிப்பிட்டேன். நுண்கலைப் பட்டத்துக்கும் கலைக்கல்விப் பட்டத்துக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. நுண்கலை மாணவர் தம் படைப்பை மையமாக வைத்துப் படிக்கிறார். கலைக்கல்வி மாணவர் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை ஆகியவற்றோடு குழந்தை வளர்ச்சி, பாடம் வகுத்தல், மதிப்பீடு ஆகியவற்றையும் படித்து, ஓர் அனுபவமுள்ள ஆசிரியரின் மேற்பார்வையில் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியும் முடிக்க வேண்டும். ஆசிரியப் பணியில் சேரும் எண்ணமே இல்லாத பிள்ளை, வேலை உத்தரவாதத்துக்காக மட்டும் இதில் சேர்ந்தால் அந்தப் பயிற்சிக் காலத்திலேயே வாடிப்போய்விடும். அப்படிப் பாதியில் வந்து என் முன் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு.

வேலை தேடும் நேரத்தில் இந்த வேறுபாடு எப்படி வெளிப்படும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மூன்று நேர்காணல்களில் தேர்வாகாத ஒரு பட்டதாரி தம் படைப்புத் தொகுப்பை என்னிடம் கொண்டுவந்தார். கறுப்பு உறையிட்ட பெரிய கோப்பு; உள்ளே நாற்பது தாள்கள்; கரிக்கோலில் தீட்டிய முகங்கள், நீர்வண்ண நிலக்காட்சிகள், இரண்டு செப்புத்தகடு அச்சுகள். கைவேலை மிகச் சுத்தம். கடைசித் தாள்வரை புரட்டிவிட்டு, "உங்கள் மாணவர்கள் வரைந்தது எங்கே?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பயிற்சிக் காலத்தில் அவரிடம் படித்த பிள்ளைகளின் வேலைகள் ஒரு பழைய அட்டைப்பெட்டியில் வீட்டில் கிடந்தன. மறுவாரம் அதைக் கொண்டுவந்தார். ஒரு சிறுவன் தன் கையைப் பார்த்து நான்கு வாரங்களில் நான்கு முறை வரைந்த தாள்கள் அதில் இருந்தன: முதலாவதில் ஐந்து விரல்களும் ஒரே நீளத்தில் சீப்புப் பற்கள்போல் நின்றன, அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்திருந்தது; நான்காவதில் கட்டைவிரல் மடங்கி உள்ளங்கையின் மேல் நிழல் விழுந்திருந்தது, அழித்த தடமே இல்லை. அந்த நான்கு தாள்களையும் தொகுப்பின் முதல் பக்கத்தில் வைத்து, வாரத்துக்கு வாரம் தாம் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று கீழே இரண்டிரண்டு வரி எழுதச் சொன்னேன். பள்ளி ஓர் ஓவியரை அல்ல, ஓவிய ஆசிரியரைத் தேடுகிறது. அந்த நான்கு தாள்கள்தாம் அதற்கான சான்று.

நேர்காணலைப் பற்றி இன்னொன்று. ஓவியம் எதற்கு என்று கேட்டால், "ஓவியம் படித்தால் கணக்கில் மதிப்பெண் கூடும்" என்று நம் பிள்ளைகள் தற்காப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஊக்குவிப்பதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1967இல் தத்துவ அறிஞர் நெல்சன் குட்மேன் தொடங்கிய புராஜெக்ட் ஜீரோ ஆய்வுக்குழுவைச் சேர்ந்த எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 2000ஆம் ஆண்டில் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, காட்சிக் கலைப் பயிற்சி மற்றப் பாடங்களின் மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அவர்கள் பின்னர் ஓவிய வகுப்பறைகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்து கவனித்து, கூர்ந்து நோக்குதல், விடாமுயற்சி, மனத்தில் உருவகித்தல், தன் வேலையைத் தானே சீர்தூக்குதல் என எட்டு மனப்பழக்கங்கள் அங்கே பயிற்றப்படுவதைப் பதிவு செய்தார்கள். கலைக்காகப் பேசுகிற பட்டதாரி இந்த இரண்டாவது வாதத்தைச் சொந்த வகுப்பு அனுபவத்தோடு எடுத்து வைத்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பள்ளிக்கு வெளியேயும் இடம் உண்டு. அருங்காட்சியகக் கல்விப் பிரிவு அவற்றில் முதன்மையானது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1980களில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைன், உளவியலாளர் அபிகெயில் ஹௌசனோடு சேர்ந்து வளர்த்த முறையில், ஆசிரியர் ஓவியத்தின் முன் பிள்ளைகளை உட்கார வைத்து, இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது என்ற மூன்று கேள்விகளை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்கிறார். கேட்பதற்கு எளிது; விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும்போது அடக்கிக்கொள்வதுதான் பயிற்சி. பாடநூல் வடிவமைப்பு, சமூகக் கலைப் பட்டறைகள், முதியோர் இல்லங்களுக்கான கலை வகுப்புகள் ஆகியவற்றிலும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆனால் இவை பல சமயம் ஒப்பந்தப் பணிகள் என்பதால் முதல் வேலையாக இவற்றை நம்பச் சொல்ல மாட்டேன். வரைதல் போன்ற கலைகளின் வழியே மனநலம் பேணும் கலைச் சிகிச்சைக்குத் தனிப் படிப்பும், சிகிச்சை பெறுவோரோடு மேற்பார்வையில் பெறும் நேரடிப் பயிற்சியும் வேண்டும். கலைக்கல்விப் பட்டம் அதற்கு வாசற்படி மட்டுமே.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. துறைத் தலைவருக்கு எழுதி, மூன்று ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்த வகுப்பு முழுவதிலும் எத்தனை பேர் இப்போது கற்பிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் முழுநேரப் பணியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். விருதுப் பட்டியலை அனுப்பி மழுப்பினால் அதுவே ஒரு விடை. இந்தப் பட்டத்தை முடித்தாலே உங்கள் பகுதியில் ஆசிரியராகப் பதிவு செய்ய முடியுமா, தனித் தகுதித் தேர்வு உண்டா என்பதைக் கல்லூரியின் சொல்லை மட்டும் நம்பாமல், உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விதிகள் இடத்துக்கு இடம் மாறும், அடிக்கடி திருத்தவும்படும். பிறகு, செய்தித் தொகுப்பில் பெயர் வராத ஒரு முன்னாள் மாணவரை எப்படியாவது கண்டுபிடித்து உங்கள் மகளைப் பேச வையுங்கள். விருதுகளைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது, எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், வண்ணமும் தாளும் யார் வாங்குகிறார்கள், கடைசியாகச் சொந்தமாக வரைந்தது எப்போது என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் சில சமயம் வருத்தமாக இருக்கும். அதையும் அவள் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் கூட்டி வைத்து வரையச் சொல்லிக்கொடுத்து, தேர்வு நேரத்தில் பொழுதை வீணாக்குகிறாள் என்று கடிதத்தின் கடைசிப் பத்தியில் குறைபட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அது. அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். அவள் வரைந்தவற்றோடு, அந்தப் பிள்ளைகள் வரைந்த தாள்கள் ஏதேனும் வீட்டில் மிஞ்சியிருந்தால் அவற்றையும், எத்தனை கசங்கியிருந்தாலும், எடுத்து வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்